மூக்கில் தோல் புற்று எடுத்த பிறகு: பள்ளத்தை மூடும் சர்ஜரிக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவின் மூக்கில், வலது மடலுக்குச் சற்று மேலே, மிளகு அளவில் ஒரு கறுப்பு மரு இருந்தது. முகம் துடைக்கும்போது லேசாக ரத்தம் கசியும். பொருக்குத் தட்டும், ஆறும், சில வாரத்தில் மறுபடி கசியும். ஒரு கிளினிக்கில் அதைச் சுட்டு எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. எட்டு மாதத்தில் அதே இடத்தில் திரும்பி வந்தபோதுதான் அது மரு இல்லை, பேசல் செல் வகைத் தோல் புற்று என்று தெரிந்தது. அதை வெட்டி எடுத்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. நெற்றித் தோலை இறக்கி அதை மூடினார்கள். அப்படி மூடும் வேலைக்குத்தான் பிளாஸ்டிக் சர்ஜரி என்று பெயர்.

அந்த மாதங்களில் நானும் தங்கையும் கற்றுக்கொண்டதை, இனி அந்த வழியில் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்களை நேரில் பார்த்த மருத்துவர் சொல்வதுதான் முடிவு. ஆனால் அவரிடம் எதை, எப்போது கேட்பது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் எங்கள் வீட்டில் பல இரவுகளின் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

"மூக்குல பிளாஸ்டிக் வைப்பாங்களாடா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டாள். வைக்க மாட்டார்கள். உருக்கொடுப்பது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. குடமும் வாளியும் பிளாஸ்டிக்கில் வருவதற்கு வெகுகாலம் முன்பே மருத்துவத்தில் இருந்தது. பெரும்பாலும் உங்கள் தோல், உங்கள் காதிலிருந்து எடுக்கும் கொஞ்சம் குருத்தெலும்பு, இவைதான் பயன்படும்.

இன்னொரு குழப்பம், இதை அழகுக்காகச் செய்வதாக நினைப்பது. "இந்த வயசுல அழகு எதுக்கு?" என்று உறவினர்கள் கேட்பார்கள். மூக்கு மடல் போய்விட்டால் மூச்சை இழுக்கும்போது துவாரம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். கீழிமையில் புற்று எடுத்து அப்படியே விட்டால் கண் சரியாக மூடாது, கருவிழி காய்ந்து புண்ணாகும். உதட்டில் என்றால் சாப்பாடு வழியும். புற்றை எடுப்பது சிகிச்சையின் முதல் பாதி. மூடுவது இரண்டாம் பாதி.

காப்பீட்டுக்கும் இந்த வேறுபாடு முக்கியம். அழகு சர்ஜரிக்குப் பணம் கிடையாது என்று தனியார் மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் பொதுவாக எழுதியிருக்கும். ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது என்பதும் அதே வரியில் இருக்கும். அதனால் 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்று மட்டும் எழுதாமல், 'புற்று அகற்றியதால் ஏற்பட்ட குறைக்கான சீரமைப்பு' என்று மருத்துவரைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நீங்கள் போகும் மருத்துவமனையில் அந்தத் திட்டத்தின் மேசை இருக்கிறதா, இந்த ஆபரேஷன் அதில் வருமா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட் கையில் இல்லாமல் எதுவும் வேண்டாம்

மருவைச் சுண்ணாம்பு வைத்துச் சுடுவது நம் ஊரில் பழக்கம். பார்லரில் எடுப்பதும் உண்டு. ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கும் எதையும் அப்படிச் செய்யாதீர்கள். மேலே தெரிவது எரிந்துபோகும், வேர் உள்ளே பரவிக்கொண்டிருக்கும். இது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. நம் நிறத்தில் பேசல் செல் புற்று பெரும்பாலும் கறுப்பாக, மெழுகு பூசியதுபோல் லேசாக மின்னும். மச்சம் என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

பயாப்ஸி என்பது சிறு துண்டை எடுத்து லேபில் பரிசோதிப்பது. அந்த ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது புற்றின் வகை. பேசல் செல் மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும். ஸ்க்வாமஸ் செல் அதைவிட வேகமானது, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவலாம். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மெலனோமா மூன்றிலும் ஆபத்தானது. நம்மவர்களுக்கு உள்ளங்காலிலும் நகத்தடியிலும் அதிகம் வருவது அது. எவ்வளவு அகலமாக வெட்டுவது, உடனே மூடுவதா, பொறுத்து மூடுவதா என்பதெல்லாம் இந்த ஒரு வரியைப் பொறுத்துத்தான்.

வெட்டுபவரும் மூடுபவரும் முன்பே பேசிக்கொள்ளட்டும்

சில இடங்களில் ஒரே மருத்துவர் இரண்டையும் செய்வார். பல இடங்களில் புற்றை எடுப்பவர் ஒருவர், மூடுபவர் பிளாஸ்டிக் சர்ஜன். இருவரையும் வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. எடுத்துவிட்டு "இனி எங்கேயாவது காட்டி மூடிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பினால் பெரிய அலைச்சல்.

பள்ளம் எவ்வளவு பெரிதாக வரும் என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் மருவை மட்டும் எடுக்க மாட்டார்கள். சுற்றிலும் நல்ல தோலிலும் கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள். சிறிய பேசல் செல்லுக்குச் சுற்றிலும் சுமார் 4 மில்லிமீட்டர். திரும்பி வந்ததற்கு அதைவிட அதிகம். மெலனோமாவுக்கு அதன் தடிமனைப் பொறுத்துப் பொதுவாக 1 முதல் 2 சென்டிமீட்டர். இது தெரியாததால்தான் மிளகு போன கையோடு நாணயம் அளவு ஓட்டையைப் பார்த்து நாங்கள் அரண்டுபோனோம்.

ஓரம் சுத்தமா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். வெட்டி எடுத்த துண்டின் ஓரங்களிலும் அடியிலும் புற்று அணுக்கள் இல்லை என்று உறுதியான பிறகுதான் பெரிய மூடல் வேலை நடக்க வேண்டும். ஓரத்தில் மிச்சம் இருக்கும்போது மேலே தோலை நகர்த்தி மூடினால் அது திரைக்குப் பின்னால் வளரும். வெளியே தெரிய வெகுநாள் ஆகும். அதற்குள், மூடப் பயன்படுத்திய நல்ல தோலையும் இழந்திருப்போம்.

உறுதி செய்ய மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மோஸ் முறை. 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடரிக் மோஸ் தொடங்கியது. மெல்லிய அடுக்காக எடுத்து, அதன் ஓரம் முழுவதையும் அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மிச்சம் இருக்கும் பக்கத்தில் மட்டும் மறுபடி எடுப்பார்கள். முகத்தில் நல்ல தோலை வீணாக்காத முறை. ஆனால் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இரண்டு, ஃப்ரோஸன் செக்‌ஷன். ஆபரேஷன் நடக்கும்போதே துண்டை உறையவைத்துச் சீவி, அரைமணி நேரம்போலப் பார்த்துச் சொல்வார்கள். மூன்று, புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, முழு ரிப்போர்ட் வரும்வரை காத்திருந்து மூடுவது.

எங்களுக்கு மூன்றாவது. சித்தி கொதித்தாள். "ஏம்ப்பா, மூக்குல ஓட்டையோட பத்து நாளா வீட்ல வெச்சிருப்பீங்க?" என்றாள். எனக்கும் கலக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் களிம்பு தடவிக் கட்டு மாற்றிய அந்தப் புண் அவ்வளவு வலிக்கவில்லை. காத்திருந்ததால் சிகிச்சை கெடவும் இல்லை. ஒன்பதாம் நாள், ஒரு பக்க ஓரத்தில் மிச்சம் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அந்தப் பக்கம் மட்டும் மறுபடி எடுத்தார்கள். அவசரப்பட்டு முதல் நாளே மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் மருத்துவர் பொறுக்கச் சொன்னால் அவர் கவனமானவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படியெல்லாம் மூடுவார்கள்

எளிதானதிலிருந்து கடினமானதுக்கு ஒவ்வொரு படியாக யோசிப்பார்கள்.

சில இடங்களில் எதுவுமே செய்ய வேண்டாம். கண்ணின் உள்முனை, கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள நெற்றிப்பொட்டு, காதின் குழிவு போன்ற உட்குவிந்த இடங்கள் தானாகவே நன்றாக ஆறும். சில வாரங்கள் பொறுமையும் கட்டும் போதும். அடுத்தது, இரு பக்கத் தோலையும் இழுத்து நேராகத் தையல் போடுவது. வயதானவர்களுக்குக் கன்னத் தோல் தளர்ந்திருப்பதால் நன்றாக வரும்.

அது முடியாத இடத்தில் தோல் ஒட்டு. காதின் பின்புறத்திலிருந்தோ கழுத்தெலும்புக்கு மேலிருந்தோ தோலை முழுத் தடிமனில் எடுத்து ஒட்டுவார்கள். காலில், உச்சந்தலையில் பெரிய பரப்பு என்றால் தொடையிலிருந்து மெல்லிய சீவல். ஒட்டிய தோலுக்குச் சொந்த ரத்தக் குழாய் கிடையாது. முதல் ஓரிரு நாள் அடியிலிருந்து ஊறும் நீரைக் குடித்துத்தான் பிழைக்கும். அப்புறம்தான் கீழிருந்து குழாய்கள் வந்து இணையும். அதனால்தான் மேலே பஞ்சுப் பொதி வைத்துத் தைத்து, 5 முதல் 7 நாள் வரை தொடாதே என்கிறார்கள். அந்த நாட்களில் ஒட்டு நகர்ந்தால் போச்சு. கட்டைப் பிரிக்கும்போது ஒட்டு கருஞ்சிவப்பாக இருக்கும். மேல்தோல் கறுத்து உரிவதும் உண்டு. அடியில் இளஞ்சிவப்பு இருந்தால் சரி, உரிப்பதை மட்டும் நாம் செய்யக் கூடாது. தொடையில் எடுத்த இடம் ஒட்டிய இடத்தைவிட அதிகமாக எரியும், ஆற 10 முதல் 14 நாள் ஆகும். முன்பே தெரிந்திருந்தால் பதற்றம் இருக்காது.

எலும்போ குருத்தெலும்போ மேலுறையே இல்லாமல் வெறுமையாகத் தெரிந்தால் ஒட்டு பிடிக்காது. அங்கே ஃப்ளாப் வேண்டும். பக்கத்துத் தோலை அதன் ரத்த ஓட்டத்தோடு சேர்த்தே நகர்த்தி அல்லது சுழற்றிப் பள்ளத்தில் பொருத்துவது அது. நிறமும் தடிமனும் பொருந்தி வரும். மிகப் பெரிய இழப்புக்குத் தொடை அல்லது முன்கைத் தோலை அடித்திசுவோடு எடுத்து, மைக்ராஸ்கோப் வைத்து ரத்தக் குழாய்களைத் தைத்து இணைப்பார்கள். தோல் புற்றுக்கு அந்த அளவு போவது குறைவு.

நெற்றித் தோல் மூக்காகும் மூன்று வாரம்

மூக்கில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பள்ளம் என்றால் நெற்றி ஃப்ளாப் பற்றிப் பேச்சு வரும். புருவத்தின் உள்முனையருகே மேலேறும் ரத்தக் குழாயை விட்டுவைத்து, நெற்றியில் நெடுக்காக ஒரு பட்டைத் தோலைப் பிரித்து, தலைகீழாகத் திருப்பி மூக்கில் தைப்பார்கள். தேவைப்பட்டால் காதுக் குருத்தெலும்பை அடியில் வைத்து மடலுக்கு விறைப்புக் கொடுப்பார்கள். புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு பாலம்போல அந்தத் தண்டு சுமார் 3 வாரம் நிற்கும். அதற்குள் மூக்கிலிருந்தே புது ரத்த ஓட்டம் பிடித்துவிடும். அப்புறம் தண்டை வெட்டிவிடுவார்கள். சிலருக்கு நடுவில் ஒரு தடவை தோலை மெலிதாக்கி, வெட்டுவதை ஆறு வாரத்துக்குத் தள்ளிப்போடுவதும் உண்டு.

இது நம் மண்ணின் வேலை. கன்னத் தோலால் மூக்கை அமைப்பதைச் சுசுருதர் விவரித்திருக்கிறார். மைசூர்ப் போரில் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்த கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் புனே அருகே நெற்றித் தோலால் மூக்கு அமைத்ததை 1794இல் லண்டன் மாத இதழ் ஒன்று படத்தோடு வெளியிட்டது. அதைப் பார்த்து ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் 1814இல் லண்டனில் செய்துபார்த்தார். இன்றும் மேலைநாட்டு மருத்துவர்கள் இதை 'இந்திய முறை' என்பதுண்டு. ஆபரேஷனுக்கு முந்தின இரவு இதை அம்மாவிடம் சொன்னேன். மயக்க மருந்தே இல்லாத காலத்தில் ஒரு வண்டிக்காரர் தாங்கினார் என்றதும் கொஞ்சம் தெம்பானாள்.

அந்த மூன்று வாரம் முகம் எப்படி இருக்கும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லிவையுங்கள், பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து. மருத்துவரிடம் வேறொருவரின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் அதைக் கேட்கத் தவறினோம். நான்காம் நாள் அம்மா, "கண்ணாடியைக் குடுடா" என்று வாங்கிப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. தண்டு வெட்டுவதற்கு முன் இருக்கும் முகம் கடைசி முகம் இல்லை என்பதைத் தினமும் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்பு

புகை, பீடி, மூக்குப்பொடி, புகையிலை எதுவானாலும் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்துங்கள். நிகோடின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நகர்த்திய தோல் கறுத்துச் செத்துப்போக அது பெரிய காரணம். சுகர் கட்டுக்குள் வரட்டும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய மருத்துவரும் சர்ஜனும் பேசி முடிவெடுக்கட்டும். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து எதைச் சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். முன்பு எங்காவது தழும்பு புடைத்துக் கீலாய்டாக வளர்ந்திருந்தால் அதையும்.

மூக்குத்தி, தோடு கழற்ற வேண்டும். வருடக்கணக்கில் கழற்றாத மூக்குத்தி திருகு இறுகியிருக்கும். நகைக்கடைக்குப் போய் முதல் நாளே கழற்றிவிடுங்கள், தியேட்டர் வாசலில் போராட வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் ஓரிரு நாள் தண்டின் ஓரத்தில் ரத்தம் கசியும். அதற்காகத் தண்டின் மேல் இறுக்கிக் கட்டாதீர்கள், ரத்த ஓட்டமே நின்றுவிடும். எங்கே அழுத்தலாம், எங்கே கூடாது என்று டிஸ்சார்ஜ் நேரத்தில் நர்ஸிடம் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். குனிந்து கோலம் போடுவது, கனம் தூக்குவது, மூக்குச் சிந்துவது வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

மூக்குக் கண்ணாடி உட்காராது. ஹெல்மெட்டும் போட முடியாது, அதனால் மருத்துவமனைக்குப் போக வர ஆட்டோவோ காரோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பொட்டு வைக்கும் இடத்தில்தான் தையல் இருக்கிறது. குங்குமம், ஸ்டிக்கர், திருநீறு எதுவும் மருத்துவர் சொல்லும்வரை கூடாது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடரும் அப்படியே. சொல்லிக்கொடுத்தபடி சுத்தம் செய்து, தந்த களிம்பைத் தடவினால் போதும். புண் காய்ந்து பொருக்குக் கட்டாமல் ஈரமாக இருந்தால்தான் சீக்கிரம் ஆறும். நெற்றியின் மேல்பகுதி மூடாமல் விட்டிருந்தால் பயப்படாதீர்கள், சில வாரத்தில் தானாக நிரம்பிவிடும்.

பத்தியம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முட்டை, மீன், தயிர் எல்லாம் சீழ் வைக்கும் என்று பெரியவர்கள் நிறுத்திவிடுவார்கள். ஆறுகிற உடம்புக்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் எல்லாம் கொடுங்கள். அம்மாவுக்கு ரசம் சாதம் மட்டும் போதும் என்று சித்தி நின்றபோது, தங்கைதான் மருத்துவரிடமே போனில் பேசவைத்து முடித்தாள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து, தினமும் அதே ஜன்னலோரம் எடுத்து ஒப்பிட்டோம். நம் தோல் நிறத்தில் மாற்றம் சட்டென்று பிடிபடாது, அதனால் இது உதவியது. ஃப்ளாப் வரவரக் கருநீலமானாலும், வெளுத்துச் சில்லிட்டாலும், சட்டென்று வீங்கி இறுகினாலும், இருபது நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலும், காய்ச்சல், சீழ், வாடை வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவு கூப்பிட வேண்டிய எண் எது என்று முன்பே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள்.

தழும்பும் அதன் ஒரு வருடமும்

முகத் தையலை 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். தழும்பு அதற்கப்புறம் பல மாதம் சிவந்தும் கடினமாகவும் இருக்கும், சில நேரம் மூக்கில் ஒட்டிய தோல் மெத்தைபோல உப்பும். உண்மையான உருவம் தெரிய ஒரு வருடம் ஆகும். புண் முழுதாக மூடிய பிறகு, மருத்துவர் சொன்னதும், விரல் நுனியால் தினமும் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். சிலிகோன் ஜெல்லோ பட்டையோ தருவார்கள். வெயில் பட்டால் தழும்பு கறுக்கும், அதனால் குடை, தொப்பி, எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். நெற்றியின் மேலே உச்சந்தலை வரை மரத்திருப்பது மெல்லக் குறையும். தலைமுடிப் பக்கத்திலிருந்து தோல் எடுத்திருந்தால் மூக்கில் முடி முளைக்கலாம், அதற்கும் வழி இருக்கிறது. உப்பலைச் சரிசெய்ய ஒரு சிறு திருத்த ஆபரேஷன் தேவைப்படுவது சகஜம். முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

செக்கப்பை விடாதீர்கள்

ஒரு தடவை தோல் புற்று வந்தவருக்கு வேறிடத்தில் இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பேசல் செல்லுக்கு ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு முதல் சில வருடம் இன்னும் அடிக்கடி வரச் சொல்வார்கள். பயாப்ஸி ரிப்போர்ட், ஓரம் பற்றிய ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த லேபில் உங்கள் திசுத் துண்டு இருக்கிறது என்ற விவரம், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். வேறு ஊர் மருத்துவரிடம் காட்ட நேர்ந்தால் அந்தத் துண்டையே கேட்டு வாங்கிப்போகலாம்.

வீட்டில் மாதம் ஒருமுறை குளித்த பிறகு நல்ல வெளிச்சத்தில் தழும்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். புதிதாக மணிபோல ஏதும் தட்டுப்படுகிறதா, எங்காவது பொருக்குத் திரும்பத் திரும்பக் கட்டுகிறதா, காதின் முன்னும் பின்னும் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதுகையும் காதின் பின்புறத்தையும் தானாகப் பார்க்க முடியாது, அதற்கு வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் முதல் ஞாயிறுதோறும் தங்கை பார்க்கிறாள்.